வெள்ளரிக்காய் தின்ற தண்ணீர்ப் பேய்

என் நாத்தனாருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லித்தான் அவளைப் புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு துணிப்பையோடு இறங்கி அண்ணனுக்குப் போன் செய்தாள். என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். இருவரும் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் வந்து நின்றார்கள். என் மாமியார் ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

அவளைக் கட்டிக்கொடுத்தது வானூருக்கு அந்தப் பக்கம், சவுக்கும் வேர்க்கடலையும் போடுகிற ஒரு ஊரில். தூக்கத்தில் பேசுவாள், தனியாக இருக்கும்போது சிரிப்பாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான். நேற்று போனில் பார்த்த வீடியோவை இன்று பாத்திரம் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அங்கே அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலைக் கொத்தால் அடித்திருக்கிறார்கள். அவள் புருஷன் அப்போது வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தானாம். இவ்வளவுதான் அவள் எங்களிடம் சொன்னது. அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. கேட்டால் தலையாட்டுவாள், சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள்.

எங்களுடையது உப்பளத்தில் கூலி வேலை செய்கிற குடும்பம். கணவரும் மாமியாரும் அங்கே போகிறார்கள். நான் மட்டும் ஆரோவில் பக்கம் ஒரு பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடக்கும். ஆகவே எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் அந்த வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் கேட்டது.

பட்டறையில் நாங்கள் காகிதக் கூழில் முகமூடி செய்வோம். அதை நடத்துகிற அம்மா பிரான்சிலிருந்து வந்தவர், இங்கேயே தலை நரைத்தவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அந்த வருடம் வெளிநாட்டில் ஏதோ ஒரு கண்காட்சிக்காக உலகத்துப் பேய்களையெல்லாம் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் வண்ணம் அடிக்கும்போது அதன் கதையையும் அந்த அம்மா சொல்லிவிடுவார். கதை தெரியாமல் கண் வரைந்தால் கண்ணில் உயிர் இருக்காது என்பது அவருடைய கட்சி. பிரேசில் நாட்டில் ஒற்றைக் காலோடு ஒருவன் சுழற்காற்றில் ஏறி வருவானாம், தலையில் சிவப்புக் குல்லா, சமையலறையில் புகுந்து பாலைத் திரித்துவிட்டுப் போவானாம். அயர்லாந்தில் சாவு விழப்போகிற வீட்டுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்று அழுவாளாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான்காரப் பேய்தான். அதன் பெயர் கப்பா. பச்சை உடம்பு, ஆமை ஓடு, பறவை மூக்கு. ஆற்றுக்குள் இருந்துகொண்டு குளிக்க வருகிறவர்களின் காலைப் பிடித்து இழுக்கும். உச்சந்தலையில் ஒரு குழி, அந்தக் குழியில் தண்ணீர் இருக்கிறவரை அதற்கு யானை பலம். அதனிடம் மாட்டிக்கொண்டால் நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். கப்பா மரியாதை தெரிந்த பேய். பதிலுக்குத் தானும் குனிந்து வணக்கம் வைக்கும். தண்ணீர் கொட்டிவிடும், பலம் போய்விடும். இந்தக் கதையைக் கேட்ட அன்று பட்டறையில் இருந்த பெண்களெல்லாம் ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தோம்.

மழை ஈரத்தில் சில முகமூடிகள் வெடிப்பு விட்டுவிட்டன. இனி அவற்றை அனுப்ப முடியாது. "வேண்டியதை எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. நான் ஒரு யூரியா சாக்கு நிறையக் கட்டி, ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும் என் மாமியார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இருக்கிற பேய் போதாதுன்னு மூட்டையில வேற கட்டிக்கினு வந்தியா?"

சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். நாத்தனார் அங்கேதான் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார், பிறகு எதற்கென்று தெரியாமல் மறுபடியும் கூட்டினார்.

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, கடைசியில் கண்ணில் நீர் வர. பூண்டுத் தோலெல்லாம் பறந்தது. அவள் சிரித்ததைப் பார்த்து நாங்களும் சிரித்தோம். மாமியார் மட்டும் அழுதுகொண்டே சிரித்தார்.

சிரித்து முடித்து அவள் பச்சை முகமூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கப்பாவின் கதையைச் சொன்னேன். தலைக் குழியில் விரலை விட்டு ஆழம் பார்த்தாள்.

அப்போது என் கணவர் பேச்சை மாற்றுகிற மாதிரி ஒரு சேதி சொன்னார். காணும் பொங்கலுக்கு எங்கள் கடற்கரையில் பெரிய கூட்டம் கூடும். உள்ளூர் பையன்கள் சேர்ந்து ராட்டினம், கடை, பாட்டு எல்லாம் ஏற்பாடு செய்வார்கள். அதில் அவரும் ஒருவர். ஒவ்வொரு வருடமும் வெளியூரிலிருந்து ஒருவர் 'பேய் வீடு' கொண்டுவந்து போடுவார். இந்த முறை புயலில் அவருடைய கொட்டகை கிழிந்துபோனதால் வர முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"நாமளே போட்டா இன்னா?" என்றாள் நாத்தனார்.

இத்தனை நாளில் அவளாக வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. துணி எடுக்கிற சாக்கில் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். "பாப்பா, உனக்குக் கஷ்டமா இருக்காதா? அங்க உன்னப் பேய்ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

"அங்க நான் சும்மா உட்கார்ந்திருந்தப்பவே பேய்ன்னாங்க அண்ணி. இங்க டிக்கெட் எடுத்துக்கினு வந்து பார்க்கட்டும்."

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முனி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு, இதுங்க பேரையே எடுக்கக் கூடாது. மழைக்காலம் முடிஞ்சா நான் இருட்டோட உப்பளத்துக்குப் போவணும். வெளிநாட்டுப் பேயின்னா பரவால்ல. அதுங்களுக்கு நம்ம ஊட்டுக்கு வழி தெரியாது."

இப்படித்தான் எங்கள் பேய் வீடு முழுக்க முழுக்க வெளிநாட்டுப் பேய் வீடானது. உப்புக் குவியலை மூடுகிற கறுப்புத் தார்ப்பாய்களை உப்பள முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். சவுக்குக் கம்பு நட்டு, வளைந்து வளைந்து போகிற ஒரு பாதை கட்டினோம். உள்ளே பகலிலும் இருட்டாக இருந்தது, உப்பு வாடை அடித்தது. ஒற்றைக் காலன் வேஷம் என் கணவருக்கு. அழுகிற பெண்ணின் வேஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அவர் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தால் தெருவே திரண்டுவிடும். டிக்கெட் கொடுக்கிற வேலை மாமியாருக்கு. கப்பா யார் என்று யாரும் பேசவே இல்லை. நாத்தனார் ஒரு பழைய உப்புக் கூடைக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக் காய வைத்திருந்தாள். அதுதான் ஆமை ஓடு. முகமூடியின் உச்சியில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைப் பதித்து, அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பழகினாள். சின்ன வயசிலிருந்து தலையில் உப்புக் கூடை சுமந்தவள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

காணும் பொங்கல் அன்று காலையிலேயே சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து டிராக்டரிலும் ஷேர் ஆட்டோவிலும் ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். கீழ்புத்துப்பட்டு ஐயனாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வந்தவர்களும் இருந்தார்கள். பேய் வீட்டு வாசலில் மாமியார் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் விபூதித் தட்டு. வெளியே வருகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் விபூதி இட்டுத்தான் அனுப்புவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

ஆரம்பம் படுதோல்வி. முதலில் நுழைந்த பையன்கள் என் கணவரைச் செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து அவருக்கு மூச்சு வாங்கியது. மடக்கிக் கட்டியிருந்த கால் அவிழ்ந்துவிட்டது.

"அண்ணா, ரெண்டாவது கால் தெரியுது!" என்று ஒருவன் கத்தினான்.

"டேய், பேசாம பயந்துட்டுப் போடா" என்றார் இவர்.

அக்காவின் அழுகை வேறு விதமாகப் பிரச்சினை ஆனது. அவர் குரலெடுத்து அழுத அழுகை தார்ப்பாயைத் தாண்டிக் கடல்வரை போனது. உள்ளே இருந்தவர்கள் பயந்தார்களோ இல்லையோ, வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மாமியாரிடம் வந்து, "யாரும்மா தவறிட்டாங்க? எந்த ஊட்டுல?" என்று துக்கம் விசாரித்தார். மாமியார் அவருக்கும் விபூதி இட்டு அனுப்பினார்.

பேய் வீட்டைப் பார்த்து யாரும் பயப்படவில்லை என்ற சேதி பரவி, கொஞ்ச நேரம் ஆளே வரவில்லை. நான் பாதையின் நடுவே ஒரு மறைப்புக்குப் பின்னால் நின்று, கப்பாவின் கிண்ணத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக் காத்திருந்தேன். அதுவரை அதற்கும் வேலை வரவில்லை. யாரும் அவளுக்கு வணக்கம் வைக்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. இருட்டில் குந்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

அப்போது ஒரு சின்னப் பெண் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்கேஜி படிக்கிற வயசு. கப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. அவ்வளவுதான், அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

கப்பா மெதுவாகச் சொன்னது. "பயப்படாத. எனக்கு ஒரு வணக்கம் வையி. நான் உன்ன இன்னாவும் பண்ண மாட்டேன்."

என் நாத்தனாரின் குரல்தான். ஆனால் அது அவளுடைய குரலாகவும் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் செல்லம்.

சின்னப் பெண் யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் பேய்" என்றாள்.

"வணக்கம் கண்ணு" என்று கப்பா எழுந்து நின்று இடுப்பை வளைத்துக் குனிந்தது. கிண்ணத்துத் தண்ணீர் மொத்தமும் அந்த அப்பாவின் புது வேட்டியில் கொட்டியது. "ஐயையோ, என் பலம் போச்சே, என் பலம் போச்சே" என்று கப்பா தொப்பென்று மண்ணில் விழுந்தது.

அந்தக் குழந்தை சிரித்த சிரிப்பு ராட்டினத்துப் பாட்டை மீறி வெளியே கேட்டிருக்க வேண்டும். "இன்னொரு வாட்டி!" என்று குதித்தாள். அவள் அப்பா ஈர வேட்டியை உதறிக்கொண்டே சிரித்தார். நான் ஓடிப்போய்க் கிண்ணத்தை நிரப்பினேன்.

அதன் பிறகு நடந்ததை எங்களால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண் வெளியே போய்க் கண்ணில் பட்ட பிள்ளைகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். 'வணக்கம் வெச்சா தண்ணி கொட்ற பேய்' என்று கடற்கரை முழுக்கப் பேச்சானது. ராட்டினத்துக்கு நின்ற வரிசை எங்கள் பக்கம் திரும்பியது. பாதுகாப்புக்கு வந்திருந்த ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து, பேய்க்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கப்பா பதிலுக்கு இன்னும் விறைப்பாகச் சல்யூட் அடித்தது. குனியவில்லை, தண்ணீரும் சிந்தவில்லை. "சார், வணக்கம் வெச்சாத்தான் கணக்கு. சல்யூட்டுக்கெல்லாம் பலம் போவாது" என்றது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பூட்ஸ் நனைந்தது.

மாதக் கணக்கில் வீட்டில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவளா இவள்? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பேச்சு. புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தால், "ரெண்டு பேரும் ஒண்ணா வைங்க, தனித்தனியா வெச்சா சண்ட வரும்" என்பாள். வயசான அம்மாக்கள் வந்தால், "நீங்க குனியாதீங்க, முட்டி வலிக்கும், நான் குனியறேன்" என்பாள். முகமூடிக்குள் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. கழற்றிக் கொஞ்சம் காற்று வாங்கிக்கோ என்றால் கேட்கவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரத்தில் எங்கள் பட்டறை அம்மா வந்தார். நான்தான் கூப்பிட்டிருந்தேன். கூடவே ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு வயதான நண்பரையும் அழைத்துவந்திருந்தார். வெள்ளைச் சட்டை, துணித் தொப்பி, மெலிந்த உடம்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த அம்மா அவரிடம் சொல்லவே இல்லை.

திருப்பத்தில் திரும்பியவர் கப்பாவைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கால் இரண்டையும் சேர்த்துவைத்து, கையைத் தொடையோடு ஒட்டி, அவர்கள் நாட்டு வழக்கப்படி நிதானமாக, ரொம்ப ஆழமாகக் குனிந்தார். அதுவரை யாரும் அப்படி வணக்கம் வைக்கவில்லை. நாத்தனார் ஒரு நொடி தடுமாறினாள். பிறகு கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அவரைப் போலவே குனிந்தாள். தண்ணீர் அவர் நரைத்த தலையிலேயே கொட்டியது.

அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். ஏதேதோ பேசினார். பட்டறை அம்மா தமிழில் சொன்னார். "இவர் சின்ன வயசுல ஆத்துல இறங்கப் போனா, கப்பா காலைப் பிடிச்சு இழுக்கும்னு இவங்க அம்மா மிரட்டுவாங்களாம். அப்பல்லாம் ஒருநாள்கூடக் கண்ணுல படலையாம். இங்க வந்துதான் பார்த்தேன்னு சொல்றார்."

அவர் இன்னொன்றும் கேட்டார். கப்பா நல்ல தண்ணீரில் இருக்கிற பிராணி ஆயிற்றே, இந்த உப்புக் காற்றில் எப்படி இருக்கிறது, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

"உப்பளத்துல வேலை செய்யுதுன்னு சொல்லுங்க" என்றாள் நாத்தனார். "பழகிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் மறுபடியும் சிரித்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவராக வேகமாக வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளரிக்காய். நீளமாகக் கீறி, மிளகாய்த் தூளும் உப்பும் தடவியது, கடற்கரையில் தள்ளுவண்டியில் விற்பது. இரண்டு கையாலும் பிடித்துக் கப்பாவிடம் நீட்டினார். உலகத்திலேயே கப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது வெள்ளரிக்காய்தானாம். அவர்கள் ஊரில் கப்பா பிள்ளைகளை விட்டுவைக்கட்டும் என்று ஆற்றில் வெள்ளரிக்காய் போடுவார்களாம்.

அப்போதுதான் அவள் முதன்முறையாக முகமூடியைத் தூக்கினாள். பச்சை மை வழிந்த கன்னம், வேர்வையில் ஒட்டிய முடி. வெள்ளரிக்காயை வாங்கிக் கறுக்கென்று கடித்தாள். காரம் ஏறி இருமினாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள் அவரைப் பார்த்து. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வரிசையில் நின்றவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். பிறகு வந்த பிள்ளைகளெல்லாம் கையில் வெள்ளரிக்காயோடு வந்தார்கள். தள்ளுவண்டி அக்கா வண்டியையே தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார். "உன் மருமவ பண்ண வேலையில என் வண்டி காலி" என்று மாமியாரிடம் சந்தோஷமாகச் சண்டை பிடித்தார்.

"மருமவ இல்ல. மவ" என்றார் மாமியார். "உள்ள இருக்கிற பேய் நான் பெத்த பேய்."

தார்ப்பாயைச் சுருட்டி முடிக்கையில் நாங்கள் எல்லோரும் கழுத்துவரை நனைந்திருந்தோம். என் கணவருக்கு ஒரு கால் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாத்தனார் தின்ன முடியாமல் மிச்சம் வைத்த வெள்ளரிக்காயை மறுநாள் கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

யாரோ போனில் எடுத்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றி, அவளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கும் போயிருக்கிறது. மாசி மாதம் அவளுடைய மாமியாரும் ஒரு பெரியவரும் காரில் வந்தார்கள். என் மாமியார் உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணு இப்போ தெளிஞ்சிடுச்சுன்னு கேள்விப்பட்டோம். பேய் போயிடுச்சுன்னா அனுப்பி வையிங்க. நடந்தது நடந்துபோச்சு."

பதில் சொல்ல என் கணவர் வாயைத் திறந்தார். நாத்தனார் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"போவலைங்க" என்றாள். "இங்கதான் இருக்குது. எனக்கு அது வேணும். நான் அங்க வரல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். கொஞ்ச நாளில் அவளுடைய பீரோவும் பாத்திரங்களும் நகையும் ஒரு மினி லாரியில் வந்து சேர்ந்தன. அந்த பீரோவை எங்கள் சின்ன வீட்டில் எங்கே வைப்பது என்பதுதான் அந்த வாரத்தின் பெரிய சண்டை.

பங்குனியில் பாத்திகளில் உப்பு விளைய ஆரம்பித்தது. பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு, "அப்புறம் பார்க்கலாம் அண்ணி, இந்த வருசம் அம்மாகூட அளத்துக்குப் போறேன்" என்றாள். முதல் உப்பு வாருகிற அன்று நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். விடிந்தும் விடியாத நேரம், தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பாத்திக்குள் இறங்கியதும் உப்பு காலுக்கடியில் நெறுநெறுத்தது. அவள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பலகையால் உப்பை வழித்து ஓரம் சேர்த்தாள். வெயில் ஏறியதும் மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். கருவாட்டின் தலைத்துண்டு யாருக்கு என்று தாயும் மகளும் போட்ட சண்டையில், அதை நான் எடுத்துத் தின்றுவிட்டேன்.